ஜூலையில் ஹாலி இலை

பிரிந்தபோது பாத்திரங்களையும் பிரித்தோம்.
அன்றாடத் தட்டுகளை வெல்மா எடுத்துக்கொண்டாள்,
வெள்ளை, ஓரத்தில் ஒரு நீலக்கோடு,
கீழே போட்டாலும் உடையாத ரகம்.
"கிறிஸ்துமஸ் செட் உன்னிடமே இருக்கட்டும்" என்றாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
அந்த வாரம் நாங்கள் ஒருவரையொருவர்
எதுவுமே கேட்டுக்கொள்ளவில்லை.

பதினொரு தட்டு.
முள் விளிம்புப் பச்சை இலை, மூன்று சிவப்புப் பழம்,
சுற்றிலும் மயிரிழைத் தங்கம்.
பன்னிரண்டாவதைப் பத்தொன்பது வருடம் தேடினாள்.
மங்க்டனில், செத்தவர் வீட்டுச் சாமான் விற்பனையில்
கிரேவி ஊற்றும் படகுக் கிண்ணம் கிடைத்தது.
ஷிடியாக் மாதா கோயில் சந்தையில்
மூடியில்லாத சர்க்கரைச் சாடி.
மூடி நான்கு வருடம் கழித்து
வேறொரு மாகாணத்திலிருந்து தபாலில் வந்தது,
யாருடைய ஊர்ச் செய்தியிலோ சுற்றி.

விற்பனை மேசையில் குனிந்து நகத்தால் சுண்டுவாள்.
ணங் என்றால் பர்ஸைத் திறப்பாள்.
டொக் என்றால் விரிசல்,
வைத்துவிட்டு நகர்வாள்.
நான் வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு
ஹாக்கி கேட்டுக்கொண்டிருப்பேன்.

தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு கம்பளி வட்டம்.
வருடத்தில் ஒருநாள் வெளியே வரும்.
எவனாவது கத்தியைக் கிறீச்சென்று இழுத்தால்
அவளுக்குப் பல் கூசும்.
பிறகு தொட்டியில் துண்டை விரித்து
அவளே கழுவுவாள், அவள் மட்டும்.
பத்தொன்பது வருடத்தில் பத்தொன்பது நாள்.

பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன் நான்.
விடியற்காலை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால்
பசி தட்டைப் பார்க்குமா?
ஹாலி இலைமேல் இரண்டு முட்டை.
மார்ச்சில். மே மாதத்தில்.
கோடையில் சாலைக் குழிகளுக்குத் தார் போட்டுவிட்டு வந்து
சட்டையைக் கழற்றிவிட்டு,
தங்க விளிம்புத் தட்டில் தர்பூசணி.

ஒருநாள் மைக்ரோவேவில் வைத்தேன்.
விளிம்பெல்லாம் நீலப் பொறி.
திறந்து பார்த்தால்
ஆறு அங்குலத் தங்கம் கரியாகியிருந்தது.
கைதவறி ஒரு தட்டு போயிற்று.
இன்னொன்றும் போயிற்று, ஒரு பிப்ரவரி இரவில்.
அதைக் கைதவறி என்று சொல்லமாட்டேன்.

இந்த டிசம்பரில் கோரின் கூப்பிட்டாள்.
முதன்முதலாக அவள் வீட்டில் விருந்து.
"அம்மாவும் வருகிறாள். அந்தத் தட்டுகள் வேண்டும், அப்பா."

கம்பளி வட்டங்களைத் தேடினேன்.
அவற்றால்தான் பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன்.
என் சட்டைகளில் சுற்றி எடுத்துப்போனேன்.

வான்கோழி வருவதற்கு முன்பே
வெல்மா தன் தட்டை மெழுகுவத்திப் பக்கம் சாய்த்தாள்.
கட்டைவிரல் தங்கம் போன இடத்தில் நின்றது.
மேலே கத்திக் கீறல்கள்,
சறுக்கி விளையாடி முடித்த குளம்போல.
வெளிறிப்போன ஒரு பழம்.
மலைச் சரிவில் பிரேக் பிடிக்காதபோது
கை ஸ்டீயரிங்கில் எப்படி இருக்குமோ
அப்படி இருந்தது எனக்கு.

"தினமுமா?"
"தினமும்."

மாப்பிள்ளை உருளைக்கிழங்கு மசியலை நீட்டினான்.
யாரும் வாங்கவில்லை.
"எத்தனை மிச்சம்?"
"ஒன்பது."
மளிகைக் கணக்குக் கேட்டவள்போலத் தலையாட்டினாள்.
அப்புறம் கறியை வெட்டினாள்.
கிறீச்.
கோரின் நிமிர்ந்து பார்த்தாள்.
இவள் பாட்டுக்கு அடுத்த துண்டை வெட்டினாள்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை அவள்தான் அடுக்கினாள்,
ஒன்றன்மேல் ஒன்றாக, எலும்போடு, சத்தத்தோடு.
குழாயடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்:
"பன்னிரண்டாவது கிடைத்துவிட்டது.
அக்டோபரில், பாத்தர்ஸ்ட்டில். மூன்று டாலர்."
"சுண்டிப் பார்த்தாயா?"
"டொக்."
"வாங்கவில்லையா?"
"வாங்கினேன்."
"எங்கே அது?"
"சிங்க்கில் கிடக்கிறது," என்றாள்.
"காலையில் டோஸ்ட் தின்றது.
இன்னும் கழுவவில்லை."